கழிவு நூலும் களத்து விதையும்: குழந்தைகளின் முதற் பாடங்கள்

நெசவாளர் இல்லத்தில் மாலையில் தறியடியைப் பெருக்கினால் ஒரு கைப்பிடித் துண்டு நூல் சேரும். குடியானவர் இல்லத்தில் பயறைப் புடைத்து முடித்தால் முறத்தின் ஓரத்தில் வண்டு துளைத்த மணிகள் ஒதுங்கி நிற்கும். முற்றத்தில் ஓலையும் ஈர்க்கும் கிடக்கும். வாய்க்காலோரத்தில் களிமண்ணுக்குப் பஞ்சமில்லை. இவற்றுக்குச் சந்தையில் விலை கிடையாது. வரவு செலவுப் புத்தகத்தில் இடமும் கிடையாது. ஆயினும், மூன்று வயதிலிருந்து எட்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு இவற்றினும் சிறந்த கல்விச் சாதனங்களைக் கடையில் தேடிப் பெறுவது அரிது. இவற்றைக் கொண்டு நம் அங்கத்தினர்கள் தத்தம் இல்லத்திலேயே குழந்தைகளுக்குக் கற்பிக்கத்தக்க கைவேலைகள் சிலவற்றையும், அவற்றாற் குழந்தை பெறும் பயனையும், அவற்றில் கவனிக்க வேண்டிய எச்சரிக்கைகளையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரு தவறான எண்ணங்கள்

குழந்தைகளின் கைவேலையைப் பற்றி நம்மவரிடையே இருவகை எண்ணங்கள் நிலவுகின்றன. முதலாவது, தொழிலாளி வீட்டுக் குழந்தைக்குக் கைவேலை என்றால் அது தொழிற் பழக்கமே என்பது. ஐந்து வயதிலேயே தார் சுற்ற உட்கார்த்தினால்தான் பத்து வயதில் கை பழகும் என்று கூறுவோர் இன்றும் உளர். இரண்டாவது, இதற்கு நேர்மாறானது. “இந்தத் தொழில் என்னோடு போகட்டும், என் பிள்ளை நூலைத் தொடவே வேண்டாம்” என்று வருந்திக் கூறும் பெற்றோர் பலர். அவர்கள் மூன்று வயதுக் குழந்தையின் கையிற் பென்சிலைக் கொடுத்து எழுத்துகளை வரி வரியாக எழுதச் செய்கின்றனர். எழுதாத நேரத்தில் கைபேசியைக் கொடுத்து அமர்த்திவிடுகின்றனர்.

இவ்விரு சாராரும் கைவேலையைப் பிழைப்புக்குரிய தொழிலாகவே கருதுகின்றனர். பிழை அங்கேதான் இருக்கிறது. சிறு குழந்தையின் கைவேலை நெசவாளரையோ உழவரையோ உண்டாக்குவதற்கன்று. பென்சிலைப் பிடிக்கக் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் ஒருங்கே இயங்க வேண்டும். நூல் கோத்தல், களிமண் உருட்டுதல், காகிதம் மடித்தல் முதலியவை அவ்விரல்களுக்கு வலுவையும் இசைவையும் தருகின்றன. எண்ணுதல், வரிசைப்படுத்துதல், ஒப்பிடுதல், காரணம் தேடுதல் ஆகிய அறிவுச் செயல்களும் இவ்வேலைகளிலேயே தொடங்குகின்றன. பிற்காலத்தில் அக்குழந்தை தறியில் அமர்ந்தாலும் சரி, கணக்கராகவோ மருத்துவராகவோ ஆனாலும் சரி, இப்பயிற்சி வீண்போகாது.

நெசவாளர் ஒருவர் நடத்திய குழந்தைப் பள்ளி

கூட்டுறவு இயக்கத்தின் வரலாற்றை அறிந்தோர்க்கு ராபர்ட் ஓவனின் பெயர் புதியதன்று. ஸ்காட்லாந்து தேசத்தில் நியூ லானார்க் என்னும் ஊரில் பெரிய பஞ்சாலை ஒன்றை அவர் நிர்வகித்து வந்தார். ஆறேழு வயதுக் குழந்தைகள் ஆலைகளில் நாள் முழுவதும் உழைத்த காலம் அது. ஓவன் பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தம் ஆலையில் வேலைக்கு அமர்த்துவதை நிறுத்தினார். 1816-ஆம் ஆண்டில் ஆலைத் தொழிலாளரின் குழந்தைகளுக்கென ஒரு பள்ளியையும் திறந்தார். அதில் மிகச் சிறு குழந்தைகளுக்கு ஆசிரியராக அவர் தேர்ந்தெடுத்தவர் ஜேம்ஸ் புக்கானன் என்னும் கைத்தறி நெசவாளர் ஆவார். படிப்பில் தேர்ந்தவரை அவர் தேடவில்லை. குழந்தைகளிடம் அளவற்ற அன்பும் பொறுமையும் உள்ளவரையே தேடினார். புத்தகத்தைக் காட்டிக் குழந்தைகளை வருத்தலாகாது, சுற்றியுள்ள பொருள்களைக் காட்டி, அவர்கள் ஆவலோடு கேட்கும்போது விளக்க வேண்டும் என்பது அங்கு விதியாக இருந்தது. புக்கானன் பின்னர் லண்டனுக்குச் சென்று அங்கும் குழந்தைகள் பள்ளி நடத்தினார்.

ஜெர்மனியில் பிரெடரிக் புரோபெல் என்னும் அறிஞர் 1837-இல் பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் சிறு குழந்தைகளுக்கான நிலையம் ஒன்றைத் தொடங்கினார். 1840-இல் அதற்குக் ‘குழந்தைகளின் பூங்கா’ என்று பொருள்படும் ‘கிண்டர்கார்ட்டன்’ என்ற பெயரைச் சூட்டினார். அவர் குழந்தைக்குக் கொடுத்த முதல் விளையாட்டுப் பொருள் ஆறு நிறங்களிலான நூற்பந்துகளே. அதன் பின்னர் வந்த வேலைகளில் காகித நெசவு ஒன்று. ஊறிய பட்டாணியையும் குச்சியையும் இணைத்து உருவங்கள் செய்வது மற்றொன்று. நெசவாளர் வீட்டு நூலும் குடியானவர் வீட்டு விதையும் உலகெங்கும் பரவிய ஒரு கல்வி முறையின் தொடக்கத்திலேயே இடம்பெற்றன என்பது நாம் நினைவிற் கொள்ளத்தக்கது.

நம் நாட்டில் 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் கூட்டிய மாநாடும், ஜாகீர் உசேன் தலைமையில் அமைந்த குழுவும் கைத்தொழிலை மையமாகக் கொண்ட ஆதாரக் கல்வித் திட்டத்தை வகுத்தன. குழந்தைகளின் கைத்தொழில் வருவாய் பள்ளிச் செலவைத் தாங்க வேண்டும் என்ற பகுதி அக்காலத்திலேயே பலத்த விவாதத்துக்கு உள்ளாயிற்று. குழந்தைகளை உழைக்கவைப்பதாக அது முடியுமோ என்று பலர் அஞ்சினர். அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. அதைப் பற்றிப் பின்னர்க் காண்போம். முதலில் வேலைகளைக் காண்போம்.

நூல் வேலைகள்

மூன்று வயதுக் குழந்தைக்கு நிறம் பிரித்தலே போதுமானது. கழிவு நூலைச் சிறு சிறு பந்துகளாகச் சுற்றி ஒரு கூடையில் இட்டு, “சிவப்பையெல்லாம் இங்கே வை, நீலத்தையெல்லாம் அங்கே வை” என்று கூறலாம். இது எளிதாகிவிட்டால், ஒரே நிறத்தின் வெவ்வேறு சாயல்களைக் கொடுத்து, வெளிறியதிலிருந்து அடர்ந்தது வரை வரிசையாக அடுக்கச் செய்யலாம். சாயலின் நுண்ணிய வேறுபாட்டைக் காணும் கண் நெசவாளர் குடும்பத்தின் சொத்து. அது பழக்கத்தால் வருவதே அன்றிப் பிறப்பால் வருவதன்று.

நான்கு, ஐந்து வயதில் காகித நெசவைத் தொடங்கலாம். தடித்த காகிதம் ஒன்றை இரண்டாக மடித்து, மடிப்பின் பக்கத்திலிருந்து இரண்டு சென்டிமீட்டருக்கு ஒன்றாக வெட்டுகள் இட வேண்டும். எதிர் ஓரத்தில் இரண்டு சென்டிமீட்டர் அகலத்தை வெட்டாமல் விட வேண்டும். விரித்தால் பட்டைகள் இரு முனையிலும் இணைந்து நிற்கும், இதுவே பாவு. வேறு நிறக் காகிதத்தை அதே அகலத்தில் நீளப் பட்டைகளாக வெட்டிக்கொண்டால் அவை ஊடை. வெட்டும் வேலையைப் பெரியவர் செய்யலாம். கோக்கும் வேலை முழுவதும் குழந்தையுடையதாக இருக்க வேண்டும்.

முதற் பட்டையை மேலே, கீழே, மேலே, கீழே எனக் குழந்தை மகிழ்ச்சியோடு கோத்துவிடும். இரண்டாவது பட்டையையும் அவ்வாறே கோக்கும். அப்போது இரு பட்டைகளும் பிரிவின்றி ஒன்றாய் நெருங்கி, இழுத்தால் நழுவும். தறி அறிந்த தகப்பனாருக்குக் கை துடிக்கும்; உடனே திருத்திவிடத் தோன்றும். அவ்வாறு செய்தலாகாது. “இது ஏன் நிற்கவில்லை? முதற் பட்டை எங்கே மேலே போயிற்று, பார்” என்று கேட்டுவிட்டு ஒதுங்கி இருக்க வேண்டும். முன் வரிசையில் மேலே சென்ற இடத்தில் இப்போது கீழே செல்ல வேண்டும் என்பதைக் குழந்தை தானே கண்டுகொள்ளும் தருணம் மிக அரிய தருணம். விழுதுகள் மாறி மாறி ஏறி இறங்குவதன் காரணத்தை அக்குழந்தை அன்றே அறிந்துவிடுகிறது.

இந்த வேலை கைவந்தபின் வேறு கோலங்களுக்குச் செல்லலாம். இரண்டு பட்டைகளுக்கு மேலும் ஒன்றுக்குக் கீழுமாகக் கோத்து, ஒவ்வொரு வரிசையிலும் ஓர் இடம் தள்ளித் தொடங்கினால், காகிதத்தில் சாய்ந்த கோடுகள் தோன்றும். சொல்லிக் கொடுக்காமலே ஏழு வயதுக் குழந்தை அடுத்த வரிசை எவ்விடத்திற் தொடங்கும் என்று முன்கூட்டிச் சொல்லத் தொடங்கும். பள்ளியில் பின்னர் வரும் கணித வரிசைகளுக்கு இது நல்ல அடிப்படை.

ஆறு வயதுக்கு மேல் அட்டைத் தறியைக் கொடுக்கலாம். பதினைந்து சென்டிமீட்டர் நீளமும் பத்து சென்டிமீட்டர் அகலமும் உள்ள கெட்டி அட்டையின் இரு குறுகிய ஓரங்களிலும் ஒரு சென்டிமீட்டருக்கு ஒன்றாக ஒன்பது வெட்டுகள் இட்டு, முறுக்கேறிய நூலை மேலும் கீழுமாக ஓட்டிப் பாவு கட்ட வேண்டும். அதிகமாக இறுக்கினால் அட்டை வளையும். தளர்ந்தால் வேலை ஓடாது. ஊடைக்குக் கழிவு நூலைப் பல இழைகளாகச் சேர்த்துக்கொள்ளலாம்; கிழிந்த பழந்துணியின் பட்டைகளும் ஆகும். நாடாவுக்குப் பதில் முனை மழுங்கிய குச்சியில் நூலைக் கட்டிக் கொடுக்கலாம். பண்ணைக்குப் பதில் பழைய சீப்பு போதும்.

இவ்வேலையில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரு தொல்லை நேரும். ஊடையைத் திருப்பும்போது இறுக்கி இழுப்பதால் துணி நடுவில் இடைபோல் ஒடுங்கிவிடும். ஒவ்வொரு வரிசையிலும் ஊடையை நேராக இழுக்காமல் வில்போல் வளைத்து வைத்து, அதன் பின்னரே சீப்பால் தட்டினால் அகலம் குறையாது. இவ்வளவைச் செய்துகாட்டினால் போதும். சிவப்பும் வெள்ளையுமான பாவில் சிவப்பும் வெள்ளையுமான ஊடையை ஓட்டினால் சிவப்பு, வெள்ளை, இரண்டும் கலந்தது என மூன்று வகைக் கட்டங்கள் எழுவதைக் குழந்தை காணும். வீட்டில் உள்ள லுங்கியை எடுத்துவந்து அதில் எந்தக் கட்டம் எவ்வாறு உண்டாயிற்று என்று ஆராயவும் தொடங்கும்.

வட்ட அட்டையில் நெய்வதும் உண்டு. ஓரத்தில் வெட்டுகள் இட்டு, நடுவிலிருந்து சக்கரத்தின் ஆரங்களைப்போல நூல் கட்டி, மையத்திலிருந்து சுற்றிச் சுற்றி நெய்தல் வேண்டும். ஆரங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால்தான் ஒவ்வொரு சுற்றும் முன்சுற்றுக்கு மாறாக அமையும். இரட்டைப்படையாயின் இரண்டாம் சுற்று முதற் சுற்றின் வழியிலேயே செல்லும், நெசவு பிடிக்காது. கூடை முடைவோர் கையறிவால் அறிந்துள்ள செய்தி இது. ஒரு குழந்தைக்கு ஒன்பது ஆரங்களும் மற்றொரு குழந்தைக்குப் பத்து ஆரங்களும் கட்டிக் கொடுத்து, ஒன்று நிற்பதும் மற்றொன்று நழுவுவதும் ஏன் என்று கேட்டுப் பாருங்கள். ஒற்றை, இரட்டை என்னும் பாடம் அதன்பின் மறக்காது.

விதையும் ஈர்க்கும்

கொண்டைக்கடலையையோ பட்டாணியையோ ஓர் இரவு ஊறவைத்து, ஈரம் வடித்து, விளக்குமாற்று ஈர்க்கைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கிக் கொடுங்கள். கடலையிற் குச்சியைச் செருகி மூலைகளை இணைக்கலாம். மூன்று குச்சிகளால் முக்கோணம் செய்தால் அது அசையாமல் நிற்கும். நான்கு குச்சிகளால் சதுரம் செய்தால் விரலால் தள்ளியவுடன் சாய்ந்துவிடும். சதுரத்தின் குறுக்கே மூலைக்கு மூலையாக ஒரு குச்சியைச் சேர்த்தால் அதுவும் உறுதிப்படும். ஓட்டு வீட்டின் கூரைச் சட்டங்கள் முக்கோணமாக அமைந்திருப்பதன் காரணத்தை ஏழு வயதுக் குழந்தைக்கு இதைவிட எளிதாக விளக்க இயலாது. நிழலில் இரண்டொரு நாள் உலர்ந்தபின் கடலை சுருங்கிக் குச்சியை இறுகப் பற்றிக்கொள்ளும். அமெரிக்கப் பொறியியல் அறிஞர் பக்மின்ஸ்டர் புல்லர், தாம் சிறுவயதில் பள்ளியில் பட்டாணியும் குச்சியும் கொண்டு முக்கோணங்களால் உருவம் கட்டியதைப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். முக்கோணங்களால் ஆன குவிமாடங்களால் உலகப் புகழ் பெற்றவர் அவர்.

உளுந்து, பச்சைப்பயறு, துவரை, கேழ்வரகு ஆகியவற்றைப் பிரித்து அடுக்குவதும், அட்டையில் படம் வரைந்து கஞ்சிப் பசையால் விதைகளை ஒட்டுவதும் நல்ல வேலைகளே. உண்ணத்தக்க தானியத்தை இதற்குச் செலவிட வேண்டியதில்லை. வண்டு துளைத்தவை போதும். மீந்த நல்ல விதைகள் சிலவற்றை ஈரத் துணியில் முளைக்கவைத்துக் காட்டினால் வேலை அடுத்த வாரமும் தொடரும்.

ஓலை வேலைகளை நம் பாட்டன்மார் நன்கு அறிவர். பனையோலைக் காற்றாடி, தென்னங்கீற்றுப் பாம்பு, பூவரசு இலைப் பீப்பீ, நுங்கு வண்டி ஆகியவற்றை விவரிக்க வேண்டியதில்லை. வீட்டில் உள்ள முதியோரைக் குழந்தையோடு அமர்த்தினால் அவர்களே செய்துகாட்டுவர். காற்றாடிக்கு முள்ளுக்குப் பதில் ஈர்க்கைப் பயன்படுத்துவது நலம்.

களிமண்ணும் கோலமும்

களிமண்ணைக் கல்லும் வேரும் நீக்கிப் பிசைந்து கொடுத்தால் குழந்தை முதலில் உருண்டையும், பின்னர் திரியும், அதன்பின் தட்டும் செய்யும். இம்மூன்றினாலும் சட்டி, விளக்கு, மாடு, மனிதர் அனைத்தையும் ஆக்கலாம். வெயிலில் வைத்தால் வெடிக்கும். நிழலில் மெதுவாக உலரவிட வேண்டும்.

களிமண்ணைக் கொண்டு பெற்றோர் செய்துபார்க்கத்தக்க சோதனை ஒன்று உண்டு. சம அளவான இரு உருண்டைகளைக் காட்டி, இரண்டும் ஒன்றே என்று குழந்தை ஒப்புக்கொண்டபின், அதன் கண்முன்னே ஒன்றைத் திரியாக உருட்டுங்கள். “இப்போது எதில் மண் அதிகம்?” என்று கேளுங்கள். ஐந்து வயதுக் குழந்தை பெரும்பாலும் நீளமான திரியைக் காட்டும். ஏழு, எட்டு வயதில் “இரண்டும் ஒன்றே, உருவந்தான் மாறிற்று” என்று கூறும். சுவிட்சர்லாந்து தேசத்து உளவியலறிஞர் ஜான் பியாஜே இதை ஆராய்ந்து விளக்கினார். தவறாகச் சொன்ன குழந்தையைக் கடிந்துகொள்ள வேண்டியதில்லை என்பதே இதிலிருந்து நாம் பெறும் படிப்பினை. அந்த அறிவு சொல்லிக் கொடுப்பதால் வருவதன்று. வயதும், பலமுறை கையால் உருட்டிப் பார்த்த அனுபவமும் சேர்ந்து தருவதாகும்.

கோலத்தைப் பெண் குழந்தைகளுக்கு மட்டும் உரியதாகக் கருத வேண்டாம். ஒன்று, மூன்று, ஐந்து, மூன்று, ஒன்று என்று புள்ளி வைத்து மொத்தம் எத்தனை என்று எண்ணச் செய்தால் பதின்மூன்று வரும். வலப்பக்கம் வளைந்த கோடு இடப்பக்கமும் அவ்வாறே வளைய வேண்டும் என்னும் ஒழுங்கை ஆண் குழந்தையும் கற்கட்டும்.

மஞ்சளின் மாயம்

அடுக்களைப் பொருள்களில் மஞ்சளுக்கு ஈடு இல்லை. மஞ்சள் தூளைச் சிறிது நீரிற் குழைத்து வெள்ளைக் காகிதத்தில் பூசி உலர்த்துங்கள். துணி சோப்பைக் கரைத்த நீரில் விரலையோ பஞ்சையோ தோய்த்து அதன்மேல் படம் எழுதினால் கோடுகள் செந்நிறமாகத் தோன்றும். அதன்மீது எலுமிச்சைச் சாறு பட்டால் மீண்டும் மஞ்சளாகும். காரப்பொருள் பட்டால் சிவப்பதும் புளிப்புப் பட்டால் திரும்புவதும் மஞ்சளின் இயல்பு. ஆரத்தி நீர் சுண்ணாம்பினால் சிவப்பதும் இக்காரணத்தாலேயே. ஆனால், சுண்ணாம்பைக் குழந்தை கையிற் கொடுத்தலாகாது. கண்ணிற் பட்டால் பெருந்தீங்கு. நீலச் சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்து வடித்த நீரில் எலுமிச்சை பிழிந்தால் அது ஊதாவாக மாறுவதையும் காட்டலாம்.

மஞ்சள் பூசிய காகிதத்தின்மேல் ஓர் இலையை வைத்து, மேலே கண்ணாடித் தட்டு ஒன்றால் அழுத்திச் சில நாள் வெயிலில் விடுங்கள். மூடாத இடம் வெளிறி, இலையின் உருவம் மஞ்சளாக நிற்கும். மஞ்சட் சாயம் வெயிலுக்கு நில்லாதது என்று நெசவாளர் அறிவர். குழந்தை அதைத் தன் கண்ணாற் காண்கிறது. வெண்டைக்காயையும் வெங்காயத்தையும் குறுக்கே அரிந்து, இவ்வாறான மஞ்சள் நீரிலோ பீட்ரூட் சாற்றிலோ தோய்த்துக் காகிதத்தில் அச்சிடுவதும் எல்லாக் குழந்தைகளும் விரும்பும் வேலை.

தவிர்க்க வேண்டியவை

நம் இல்லங்களிலேயே அபாயமான பொருள்களும் உள்ளன. அவற்றைக் குறித்து விழிப்பு மிக அவசியம்.

பிள்ளையாருக்குக் கண்ணாக வைக்கும் குன்றிமணி கொடிய நஞ்சுடையது. மென்றாலோ, துளையிட்டு வாயில் இட்டாலோ உயிருக்கே ஆபத்து. ஆமணக்கு விதை, அரளி விதை, ஊமத்தங்காய் ஆகியவையும் அத்தகையனவே. பார்ப்பதற்கு அழகாய் இருக்கின்றன என்று இவற்றைக் கைவேலைக்கு எடுத்தலாகாது. எருக்கம்பால் கண்ணுக்குத் தீங்கு செய்யும். இவற்றில் எதையேனும் குழந்தை விழுங்கியதாக ஐயம் எழுந்தால், வீட்டு வைத்தியத்தில் நேரத்தைப் போக்காமல், அப்பொருளின் மாதிரியையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

விதைப்புக்கென மருந்து கலந்து நிறமேற்றிய விதைகளைக் குழந்தை தொடலாகாது. பூச்சிமருந்து வந்த அட்டைப் பெட்டி, புட்டி, பை எதுவும் எவ்வளவு கழுவினாலும் விளையாட்டுப் பொருளாகாது. சாயப்பட்டறையில் வழங்கும் இரசாயனச் சாயங்களும் காரசோடாவும் குழந்தைகள் அணுக முடியாத இடத்தில் இருக்க வேண்டும்.

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் மணி, விதை, கடலை எதையும் கொடுத்தலாகாது. அதற்கு மேற்பட்டவர்களும் பெரியவர் பார்வையிலேயே செய்ய வேண்டும். தொண்டையில் அடைக்கும் அபாயம் ஒருபுறம். மூக்கிற் புகுந்த விதை ஈரத்தில் ஊறிப் பருத்துவிடும் தொல்லை மறுபுறம். நீண்ட நூலைக் கழுத்திற் சுற்றி விளையாட விடக் கூடாது. கத்தரிக்கோல் முனை மழுங்கியதாக இருக்கட்டும். விசைத்தறி ஓடும் அறையும் தறிக்குழியும் விளையாட்டுக்குரிய இடங்கள் அல்ல.

விளையாட்டு எங்கே முடிகிறது?

முன்னர்க் குறிப்பிட்ட அச்சத்துக்கு இப்போது வருவோம். நூலைக் கையாளப் பழகிய குழந்தை பெற்றோர்க்கு உதவியாகத் தோன்றும். கூலி குறைந்த வாரத்தில், “நாலு தார் சுற்றிக் கொடு, கண்ணு” என்று கேட்கத் தோன்றுவது இயல்பு. நாலு தார் நாளடைவில் நாற்பதாகும். பள்ளிப் பாடம் பின்தங்கும், உறக்கம் குறையும். இவ்வாறு படிப்பை இழந்தவர்கள் நம் முன்தலைமுறையில் எத்தனை பேர் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டது. அதன்படி பதினான்கு வயது நிரம்பாத குழந்தையை எத்தொழிலிலும் அமர்த்துதல் குற்றமாகும். அபாயமற்ற குடும்பத் தொழிலில், பள்ளி நேரத்துக்குப் பின்னும் விடுமுறையிலும் உதவுவதற்கு விலக்கு உண்டு. ஆறு வயது முதல் பதினான்கு வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி பெறும் உரிமையை 2009-ஆம் ஆண்டின் சட்டம் வழங்கியுள்ளது. சட்டம் விலக்களித்தது என்பதனால் மட்டும் ஒன்று குழந்தைக்கு நன்மையாகிவிடாது. எனவே, நாமே வைத்துக்கொள்ளத்தக்க அளவுகோல் ஒன்று வேண்டும்.

அது கடினமானதன்று. குழந்தை பாதியில் விட்டுவிட்டு ஓடினால் யாருக்கேனும் நட்டமா? செய்ததை எண்ணிக் கணக்கிடுகிறோமா? நன்றாக வராவிட்டால் கோபம் வருகிறதா? இவற்றுள் ஒன்றுக்கு ‘ஆம்’ என்பது விடையாயினும், அது கல்வியன்று; உழைப்பாகிவிட்டது. குழந்தையின் கைவேலை விற்பனைக்குச் செல்லலாகாது. வீட்டுச் செலவுக்கு அதில் ஒரு காசும் எதிர்பார்க்கலாகாது. கோணலாக நெய்த அட்டைத் துணி கோணலாகவே இருக்கட்டும்.

பெற்றோர் நடந்துகொள்ளும் முறையிலும் சில குறிப்புகள் உண்டு. நாளொன்றுக்குக் கால் மணி அல்லது அரை மணி நேரமே போதும். செய்துகாட்டும்போது மெதுவாகவும், பேச்சைக் குறைத்தும் காட்ட வேண்டும். “என்ன அழகு!” என்று மட்டும் சொல்வதினும், “இந்த நீலத்தை ஏன் ஓரத்தில் வைத்தாய்?” என்று கேட்பது மேலானது, குழந்தை தன் எண்ணத்தைச் சொல்லப் பழகும். ஒரு குழந்தையின் வேலையை மற்றொன்றோடு ஒப்பிட வேண்டாம். முடிந்தபின் பொருள்களை அதனதன் இடத்தில் எடுத்துவைப்பதும் வேலையின் ஒரு பகுதி என்று பழக்க வேண்டும்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் 1844-இல் கூட்டுறவுப் பண்டகசாலை தொடங்கிய முன்னோடிகளுள் நெசவாளர்களும் இருந்தனர். அவர்கள் சில ஆண்டுகளுக்குள்ளேயே உபரியில் நூற்றுக்கு இரண்டரை வீதம் கல்விக்கென ஒதுக்கினர். கல்வி இன்றும் உலகக் கூட்டுறவுக் கொள்கைகள் ஏழனுள் ஒன்றாக விளங்குகிறது. அங்கத்தினரின் கல்வி என்பதில் அவர்தம் குழந்தைகளின் கல்வியையும் சேர்த்தே நாம் பொருள்கொள்ள வேண்டும்.

இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. நெசவாளர் சங்கம் தன் கிடங்கில் ஒரு பையைத் தொங்கவிட்டு, சுத்தமான கழிவு நூலையும் காலி அட்டைகளையும் அதிற் சேர்க்கலாம். விவசாயிகள் சங்கம் பயறும் ஓலையும் களிமண்ணும் கொடுக்கலாம். இரு சங்கங்களும் தம்முள் பரிமாறிக்கொண்டால் இரு பகுதிக் குழந்தைகளுக்கும் எல்லாம் கிடைக்கும். மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகளில் சங்கக் கட்டடத்தின் திண்ணையை ஒரு மணி நேரம் குழந்தைகளுக்கு ஒதுக்கலாம். தறியை விட்டு ஓய்ந்த முதிய அங்கத்தினர் பலர் ஊரில் உளர். அவர்களுக்கு இப்பணி மகிழ்ச்சியும் மதிப்பும் தரும். 1975-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் வளர்ந்துவரும் அங்கன்வாடி மையங்களின் பணியாளரோடு கலந்து, அவர்களுக்கு வேண்டிய பொருள்களைச் சங்கம் அளிக்கலாம்.

புதிதாகத் தொடங்குவோர் முதல் வாரம் நூற்பந்துகளை நிறம் பிரித்தல், இரண்டாம் வாரம் காகித நெசவு, மூன்றாம் வாரம் களிமண்ணும் கொண்டைக்கடலையும், நான்காம் வாரம் மஞ்சள் வேலை என்று வகுத்துக்கொள்ளலாம். ஐந்தாம் வாரத்தில் என்ன செய்வது என்பதைக் குழந்தைகளே கூறிவிடுவர்.

நவம்பர் 14 குழந்தைகள் தினம். அகில இந்தியக் கூட்டுறவு வாரமும் அன்றே தொடங்குகிறது. வழக்கமான கூட்டங்களோடு, அவ்வாரத்தில் சங்கக் கட்டடத்தின் சுவரில் நம் குழந்தைகளின் காகித நெசவையும் மஞ்சள் ஓவியங்களையும் தொங்கவிடலாம். பரிசு வேண்டாம், முதலிடம் இரண்டாமிடம் என்ற பாகுபாடும் வேண்டாம். ஒவ்வொன்றின் கீழும் செய்த குழந்தையின் பெயர் மட்டும் இருக்கட்டும். தன் பெயரைக் குழந்தை தானே எழுதட்டும்.